முழங்கை ஆழத்தில் ஓர் அறை

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்பார்கள். அமீனா என்ன செய்வார் என்பது தெரியும்: கோர்ட்டு உத்தரவோடு வந்து அண்டா குண்டாவைத் தூக்கிக்கொண்டு போவார். ஆமை என்ன செய்யும் என்பதை மட்டும் பழமொழி சொல்லவில்லை. பட்டிமன்றப் பேச்சாளர்கள் அதைக் காப்பாற்றப் பார்த்திருக்கிறார்கள். "அது ஆமை அல்ல ஐயா, கல்லாமை, முயலாமை, பொறாமை" என்று சொல்லிக் கைதட்டல் வாங்குவார்கள். அதற்குள் ஊர் மாறிவிட்டது. சென்னையில் அடையாறு, பெசன்ட் நகர் அடுக்குமாடி வீடுகளில் பித்தளை ஆமை தண்ணீர்த் தட்டில் வடக்குப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது. இன்னும் ஒரு படி மேலே போய், உயிருள்ள நட்சத்திர ஆமையையே ரகசியமாக வாங்கி வளர்ப்பவர்களும் உண்டு. அதிர்ஷ்டம் வரும் என்ற நம்பிக்கை பாதி, அறியாமை பாதி. (அதுவும் ஓர் ஆமைதான்.)

நட்சத்திர ஆமை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. 2022-இல் வந்த திருத்தம் அதை முதல் அட்டவணையில், புலிக்கும் யானைக்கும் பக்கத்தில் வைத்தது. 2019-இல் பன்னாட்டு வணிகத்துக்கும் தடை வந்தது. ஆக, இந்த ஆமை புகுந்த வீட்டுக்குள் அமீனாவும் பின்னாலேயே வருவார். பழமொழி ஒருவழியாகச் சட்டப்படி சரியாகிவிட்டது.

ஆனாலும் கேள்வி நிற்பதில்லை. "சின்ன ஃபிளாட்தான் சார், ஹாலில் ஒரு மூலைதான் இருக்கு. ஆமைக்கு எந்த மாதிரி தொட்டி வாங்கலாம்?" வாங்கவே கூடாது என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் கேள்வியை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் அருமையான கேள்வி. ஓர் ஆமைக்கு எவ்வளவு இடம் வேண்டும்? அந்த இடம் எதனால் ஆனதாக இருக்க வேண்டும்? விடை தேடிப் போக வேண்டிய தூரம் அதிகமில்லை. அடையாறு முகத்துவாரத்துக்குச் சற்றுத் தெற்கே, தியசாபிகல் சொசைட்டித் தோப்புக்கும் கடலுக்கும் நடுவே இருக்கிறது ஊரூர் ஒல்காட் குப்பம். அமெரிக்காவிலிருந்து வந்து 1882-இல் அடையாற்றில் சொசைட்டியின் தலைமையகத்தை அமைத்த கர்னல் ஒல்காட்டின் பெயர், ஃபைபர் படகுகளும் வலைக் குவியல்களுமாக நிற்கும் இந்த மீனவர் ஊரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. குப்பத்திலிருந்து தெற்கே பெசன்ட் நகர் வரை நீளும் மணலில்தான், ஆண்டுதோறும் மார்கழி முடிவதற்குள், கடலாமைகளுக்காக மனிதர்கள் ஓர் அடைப்பு கட்டுகிறார்கள். கம்பு, வலை, கயிறு, கூடை. பொரிப்பகம் என்று எழுதுவார்கள். கட்டுகிறவர்கள் வாயில் அது ஹேச்சரிதான்.

வருகிற ஆமை பங்குனி ஆமை. மீனவர்கள் வைத்த பெயர் அது; முட்டையிட வரும் பருவத்தின் உச்சம் பங்குனி மாதத்தை ஒட்டி அமைவதால். ஓடு முக்கால் மீட்டருக்குச் சற்றுக் குறைவு, எடை 40 கிலோ போல. இரவில் கரையேறி, பின்துடுப்புகளால் மணலைக் குடைந்து, நூறு நூற்றிருபது முட்டைகளை இட்டு மூடிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் கடலுக்குப் போய்விடும். மொத்த வேலையும் ஒரு மணி நேரம். அது குடையும் குழி ஒரு குடத்தின் வடிவம்: கழுத்து குறுகல், அடி அகலம், ஆழம் ஒன்றரை அடி. அதாவது மணலில் படுத்துக் கையை விட்டால் முழங்கை மறையும் ஆழம்.

தாய் தோண்டிய இடத்திலேயே முட்டைகளை விட்டுவிடக் கூடாதா? விடலாம், கரை பழைய கரையாக இருந்தால். இன்று நாய்கள் மோப்பம் பிடித்துத் தோண்டுகின்றன. சோடியம் விளக்கும் எல்.இ.டி. விளக்கும் கடலைவிடப் பிரகாசமாக இருந்து குஞ்சுகளைத் திசைமாற்றுகின்றன. சனி ஞாயிறுகளில் எலியட்ஸ் கடற்கரையில் மணல் தெரியாத அளவுக்குக் கால்கள். 1970-களின் தொடக்கத்தில் ரோமுலஸ் விட்டேக்கரின் பாம்புப் பண்ணையைச் சுற்றியிருந்த இளைஞர்கள்தான் சென்னைக் கரையில் இரவு நடந்து கூடுகளைத் தேடத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவரான சதீஷ் பாஸ்கர், சென்னை ஐ.ஐ.டி.க்குப் பொறியியல் படிக்க வந்து கடலோடு போய்விட்டவர். 1982-இல் லட்சத்தீவின் ஆளில்லாத சுஹேலி வலியகரத் தீவில் ஆமைக் கணக்கெடுக்க மழைக்காலம் முழுக்கத் தனியாக இருந்தார். மனைவிக்கு எழுதிய கடிதத்தைப் பாட்டிலில் அடைத்துக் கடலில் போட்டார். இலங்கை மீனவர் ஒருவர் கையில் அது கிடைத்து, உரிய முகவரிக்குப் போயும் சேர்ந்தது. 1988-இல் கல்லூரி மாணவர்கள் சேர்ந்து தொடங்கிய கடலாமைப் பாதுகாப்புக் குழு இன்றும் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ஏழு கிலோமீட்டர் நள்ளிரவு நடை நடக்கிறது. வனத்துறையும் தன் பங்குக்குப் பொரிப்பகங்கள் அமைக்கிறது.

நடப்பவர்கள் கையில் ஒரு குச்சி இருக்கும். ஆமை வந்துபோன தடம் டிராக்டர் போன வழிபோல மணலில் தெரியும். தடம் முடியும் இடத்தில் குச்சியை மெல்ல ஊன்றிப் பார்ப்பார்கள். கெட்டி மணல், கெட்டி மணல், திடீரென்று வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கும். அதுதான் குடத்தின் கழுத்து.

இங்கிருந்து ஒரு கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. கோழி அடைகாப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: அது முட்டையை அலகால் அடிக்கடி புரட்டிப் போடும். புரட்டாவிட்டால் கரு ஓட்டோடு ஒட்டிக்கொண்டு கெட்டுவிடும். ஆமை முட்டைக்கு நேர்மாறு. கோழி முட்டையை உடைத்தால் மஞ்சள் கருவின் இரு பக்கமும் வெள்ளையாக முறுக்கிய கயிறு போல ஒன்று இருக்கிறதே, அதுதான் புரளும்போது கருவை நடுவில் நிறுத்துகிறது. ஆமை முட்டையில் அந்தக் கயிறு இல்லை. இட்ட சில மணி நேரத்துக்குள் கரு மேலே மிதந்து வந்து, ஓட்டின் உட்சவ்வில் உச்சியில் ஒட்டிக்கொள்கிறது. அதன் பிறகு புரட்டினால் ஒட்டு பிய்ந்து கரு செத்துவிடும். வெளியே எதுவும் தெரியாது. 50 நாள் காத்திருந்த பிறகுதான் தெரியவரும். அதனால் முட்டைகளை இட்ட இரவிலேயே, மேல்பக்கம் மேலாகவே, குலுக்காமல் எடுத்துப் போக வேண்டும். மறுநாள் பகலில் கூடு கண்டுபிடிக்கப்பட்டால் கை இன்னும் பதமாக இருக்க வேண்டும். ஊர்க்காரர் யாராவது அன்போடு முட்டைகளைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, மோட்டார் பைக்கில் தொங்கவிட்டு எடுத்துவந்து கொடுப்பதுண்டு. அந்த அன்புக்கு நன்றி சொல்வதா, அழுவதா என்று தெரியாத தருணம் அது.

இனி அடைப்புக்குள் புதிய குடம் தோண்ட வேண்டும். வேலிக்குள் இருப்பது சிறிய இடம். வரப்போகும் கூடுகளோ நிறைய. ஃபிளாட்வாசியின் பிரச்சினைதான் இவர்களுக்கும். இடத்தைத் தேர்ந்தெடுப்பது ஒரு கலை. அலை ஏறும் கோட்டுக்கு மேலே வேண்டும். ஆனால் மிகவும் மேலே போனால் அடப்பங்கொடியின் வேர் முட்டைக்குள் புகுந்துவிடும். முகத்துவாரத்தை ஒட்டிப் போகக் கூடாது. ஆறு தன் வாயை இடம் மாற்றிக்கொண்டே இருக்கும். முன்னாண்டு கூடு வைத்த அதே மணலும் ஆகாது. மக்கிய ஓடுகளில் பூஞ்சையும் எறும்பும் குடியிருக்கும். ஒன்றரை அடிக்குக் கீழே மணல் ஈரமாக இருக்க வேண்டும், தண்ணீராக இருக்கக் கூடாது. இந்தத் தை மாதத்துக் கடல் எதுவரை ஏறும் என்ற கேள்விக்குப் பதில் எந்த வரைபடத்திலும் இருக்காது. குப்பத்தில் வலை பின்னிக்கொண்டிருக்கும் பெரியவரைக் கேட்டால் விரலை நீட்டிக் காட்டுவார்.

அப்புறம் இடைவெளி. ஒரு கூட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு மீட்டர் விடுகிறார்கள். இவ்வளவு நெருக்கடியில் ஏன் இந்தத் தாராளம்? இங்கேதான் அறிவியல் சுவாரசியமாகிறது.

நமக்கு ஆணா பெண்ணா என்பதைக் கருவுற்ற கணத்திலேயே குரோமோசோம் முடிவு செய்துவிடுகிறது. எல்லா உயிருக்கும் அப்படித்தான் என்று நெடுங்காலம் நம்பினார்கள். 1966-இல் செனகல் நாட்டின் டாக்கரில் மதலேன் ஷார்னியே என்ற ஆய்வாளர், ஓணான் வகைப் பல்லி ஒன்றின் முட்டைகளை வெவ்வேறு வெப்பத்தில் வைத்துப் பார்த்து, சூடு மாறினால் பாலும் மாறுகிறது என்று எழுதினார். அதிகம் பேர் கண்டுகொள்ளவில்லை. அடுத்தடுத்த ஆண்டுகளில் ஆமைகளிலும் அதுவே தெரியவந்தது. கடலாமைக்கு ஆண் குரோமோசோம், பெண் குரோமோசோம் என்று எதுவும் கிடையாது. அடைகாலத்தின் நடு மூன்றிலொரு பங்கில் முட்டையைச் சுற்றி என்ன சூடு இருக்கிறதோ அதுதான் தீர்மானிக்கிறது. 1980-களின் தொடக்கத்தில் ஒடிசாவில் பிரியம்பதா மொஹந்தி ஹெஜ்மாடியும் அவரோடு ஆய்ந்தவரும் பங்குனி ஆமை முட்டைகளிலேயே இதைக் காட்டினார்கள். ஏறக்குறைய 29, 30 டிகிரி செல்சியஸ்தான் வரப்பு. அதற்குக் கீழே ஆண், மேலே பெண். குளிருக்கு ஆண், சூட்டுக்குப் பெண் என்று மனப்பாடம் செய்துகொள்ளலாம், ஆனால் ஆமைக்கு மட்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் இருக்கும் முதலைப் பண்ணையில் சதுப்பு முதலை முட்டைகளை ஆராய்ந்தபோது வேறு கணக்கு வந்தது: 32, 33 டிகிரிக்கு நெருக்கமான குறுகிய இடைவெளியில் ஆண்கள், அதற்குக் கீழும் மேலும் பெண்கள்.

சூட்டால் பால் மாறும் என்று கேட்டதும் உலகெங்கும் ஆமைப் பாதுகாவலர்களுக்கு அடிவயிறு கலங்கியது. காரணம், தெர்மாகோல் பெட்டி. கடற்கரையில் முட்டை பத்திரமில்லை என்று, அதை எடுத்துத் தெர்மாகோல் பெட்டியில் மணலோடு வைத்துக் கூரைக்குக் கீழே பொரிக்கவைப்பதுதான் அப்போது பல நாடுகளில் நல்ல பழக்கம். பெட்டி சுத்தம், வசதி, அடுக்கி வைக்கலாம், நாய் வராது. கடற்கரை மணலைவிட ஒன்றிரண்டு டிகிரி குளிர்ச்சியும்கூட. பொரிந்து வந்த குஞ்சுகளை எண்ணிச் சந்தோஷப்பட்டார்கள். 1982-இல் சயன்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு அந்தச் சந்தோஷத்தைக் கெடுத்தது. பாதுகாக்கிறோம் என்று செய்யும் முறையே ஆண்களை மட்டும் உற்பத்தி செய்துகொண்டிருக்கலாம் என்றது அது. பங்குனி ஆமையின் ஒன்றுவிட்ட சகோதரி கெம்ப் ஆமை. மெக்சிகோவில் அதன் முட்டைகளை எடுத்து, அமெரிக்காவின் பாத்ரே தீவு மணலை நிரப்பிய தெர்மாகோல் பெட்டிகளில் பொரிக்கவைக்கும் பெருந்திட்டம் 1978-இல் தொடங்கியது. முதல் சில ஆண்டுகளில் பெட்டிகள் குளிர்ந்தே இருந்து ஆண்கள் மிகுந்துவிட்டன. பிறகுதான் சூட்டைக் கூட்டினார்கள். அழிவின் விளிம்பில் நின்ற இனத்துக்கு அப்போது தேவைப்பட்டது முட்டையிடும் பெண்கள்.

பெட்டி என்பது சும்மா இருக்கும் பொருள் என்றுதான் நாம் நினைக்கிறோம். உள்ளே வைத்ததை அப்படியே வைத்திருக்கும், அவ்வளவுதான் என்று. ஆமை விஷயத்தில் பெட்டி உள்ளே வைத்ததை வேறொன்றாக ஆக்கித் தருகிறது.

ஒரு மீட்டர் இடைவெளிக்கு இப்போது வருவோம். நூறு கருக்கள் மூச்சுவிட்டு வளரும்போது தாமே சூட்டை உண்டாக்குகின்றன. அடைகாலத்தின் கடைசிப் பகுதியில் கூட்டின் நடுவே சுற்றியுள்ள மணலைவிட ஒன்றிரண்டு டிகிரியாவது கூடிவிடும். குடங்களை நெருக்கிப் புதைத்தால் ஒன்றின் சூடு இன்னொன்றுக்குப் பாயும். காற்றும் பற்றாது, ஓட்டின் நுண்துளைகள் வழியே ஆக்ஸிஜன் உள்ளே போக வேண்டும், கரியமில வாயு வெளியே வர வேண்டும். ஆழத்திலும் கை வைக்கக் கூடாது. மேலே புதைத்தால் பகல் வெயிலில் வெந்துவிடும், இன்னும் கீழே போனால் குளிரும். தாயின் துடுப்பு எட்டும் ஆழம்தான் சரியான ஆழம். நம் முழங்கையும் அதே அளவில் அமைந்தது நல்ல காலம்.

காலமும் ஒரு சுவர்தான். தையில் வைத்த கூடும் பங்குனிக் கடைசியில் வைத்த கூடும் ஒரே வேலிக்குள், ஒரே ஆழத்தில் இருந்தாலும் ஒரே அறையில் இல்லை. வாடைக் குளிர் விடாத மணலில் ஆண்கள் அதிகம் உருவாக வாய்ப்பு. சித்திரை வெயில் ஏறும் மணலில் பெண்கள். 34, 35 டிகிரியைத் தாண்டி நீண்ட நேரம் நின்றால் ஆணும் இல்லை பெண்ணும் இல்லை, கூடே கருகிவிடும். அதனால் பல பொரிப்பகங்களில் பருவத்தின் பின்பாதிக் கூடுகளுக்கு மேலே கீற்றோ நிழல்வலையோ கட்டுகிறார்கள். எவ்வளவு நிழல் என்பது சிக்கலான கேள்வி. மொத்த வேலிக்கும் பச்சை வலை போட்டு மூடிவிட்டால் பார்க்க நேர்த்தியாக இருக்கும். தெர்மாகோல் பெட்டி செய்த தவறை வலை செய்யும். எனக்கென்னவோ, கொஞ்சம் கோணல்மாணலாக, பாதி வெயிலும் பாதி நிழலுமாக இருக்கும் பொரிப்பகத்தைப் பார்த்தால்தான் நிம்மதி.

45-ஆம் நாளையொட்டி ஒவ்வொரு கூட்டின் மேலும் ஒரு கூடையைக் கவிழ்ப்பார்கள். கீழே நடப்பது கூட்டு வேலை. ஓட்டை உடைத்துக்கொண்டு வெளியே வந்ததும் குஞ்சு மேலே பாய்வதில்லை. ஒன்று அசைந்தால் பக்கத்தில் இருப்பதும் அசையும். மேலே இருப்பவை கூரையைச் சுரண்ட, நடுவில் இருப்பவை சுவரைச் சுரண்ட, உதிர்ந்த மணலைக் கீழே இருப்பவை மிதித்துக் கெட்டியாக்க, தரையே லிஃப்ட் மாதிரி இரண்டு மூன்று நாளில் மேலே ஏறுகிறது. ஆர்ச்சி கார் என்ற அமெரிக்க ஆமை அறிஞர் தனி முட்டைகளைப் புதைத்துப் பார்த்தார். ஒற்றைக் குஞ்சுகளில் சிலவே மேலே வந்து சேர்ந்தன. மணலின் மேல்தோல் சூடாக இருந்தால் அப்படியே நின்றுவிடும். சூடு இறங்கினால் இரவு என்று பொருள். கதவில்லாத அறைக்கு வெப்பமே தாழ்ப்பாள்.

"அங்கிள், ஒண்ணே ஒண்ணு வீட்டுக்கு எடுத்துட்டுப் போலாமா? பக்கெட்டுல உப்புத் தண்ணி ஊத்தி வெச்சுக்கறேன்." குஞ்சு விடும் மாலைகளில் கேட்காமல் போகாத குரல் இது. பிள்ளைகளை மட்டும் சொல்வானேன், பெரியவர்களும் கேட்பார்கள். கொஞ்சம் சுற்றி வளைத்துக் கேட்பார்கள். 20 கிராம்கூட இல்லாத அந்தக் குஞ்சின் வயிற்றில் மிச்சமிருக்கும் மஞ்சள் கரு ஒரு பயணச் சீட்டு. பொரிந்த சூட்டோடு ஏறக்குறைய ஒரு நாள் நிற்காமல் நீந்தி, கரையோர மீன்களையும் பறவைகளையும் தாண்டிவிட வேண்டும். பக்கெட்டிலும் அது நீந்தும், சுவரில் முட்டி முட்டி. மறுநாள் கடலில் விட்டால் சீட்டு காலாவதியாகியிருக்கும். அதனால்தான் கூடைக்குள் வந்ததும் எண்ணி, அன்றிரவே ஈரமணலில் இறக்கிவிடுகிறார்கள். அலையில் அல்ல, மணலில். கொஞ்ச தூரம் அது நடந்தே போகட்டும்.

நட்சத்திர ஆமைக்குத் திரும்புகிறேன். தமிழில் கடலில் இருப்பதும் குளத்தில் இருப்பதும் புதரில் இருப்பதும் ஆமைதான். ஒரே சொல்லால் வந்த வினை, தரையாமையைத் தண்ணீர்த் தொட்டியில் போடுகிறார்கள், புண்ணியம் என்று கோயில் குளத்தில்கூட விடுகிறார்கள். அது மூழ்கிச் செத்துவிடும். குப்பத்திலிருந்து சில கிலோமீட்டரில், கிண்டி தேசியப் பூங்காவின் முட்புதர்க் காட்டில் நட்சத்திர ஆமைகள் இருக்கின்றன. மழை பெய்தால் வெளியே வந்து மேயும், வெயிலில் புதருக்குள் ஒதுங்கும். வெயில், நிழல், ஈரம், வறட்சி எல்லாம் நடந்து போகும் தூரத்தில். கண்ணாடித் தொட்டியில் இவை ஒன்றாகிவிடுகின்றன. ஜன்னல் வழியே வெயில் விழுகிறதே என்பார்கள். எலும்புக்கும் ஓட்டுக்கும் வேண்டிய வைட்டமின் டி-யை உடல் செய்துகொள்ள உதவும் புறஊதாக் கதிரைச் சாதாரணக் கண்ணாடி பெரும்பாலும் தடுத்துவிடும். சூடு வரும், சத்து வராது. ஏ.சி. அறையின் வறண்ட காற்றில் வளரும் குட்டியின் ஓட்டுச் சில்லுகள் ஒவ்வொன்றும் கூம்பாக எழும்பும். 2003-இல் வியன்னாவில் ஆப்பிரிக்கத் தரையாமைக் குட்டிகளை வைத்து நடந்த ஆய்வு, இதற்குத் தீனியைவிட ஈரப்பதக் குறைவே பெரிய காரணம் என்று காட்டியது. நட்சத்திர ஆமைக்கு இயல்பிலேயே கொஞ்சம் மேடு உண்டு. ஆனால் ஹாலின் மூலையில் வளர்ந்ததைத் திருப்பிப் பார்த்தால் அந்த ஹாலின் காற்று எப்படி இருந்தது என்பது ஓட்டிலேயே எழுதியிருக்கும். ஓடு பிறகு சமனாவதில்லை.

"அப்போ எவ்வளவு பெரிய தொட்டி சார்?" என்று இதற்குப் பிறகும் கேட்ட ஒருவரை ஒரு பங்குனி இரவு பெசன்ட் நகருக்கு வரச் சொன்னேன். வந்தார். நடை முடிய விடியற்காலை நாலாகிவிட்டது, ஒரு கூடும் கிடைக்கவில்லை. வேலிக்குள் போய் நின்றோம். எண்ணும் தேதியும் எழுதிய குச்சிகள் வரிசையாக நின்றன. "இவ்வளவுதானா?" என்றார். இவ்வளவுதான். குஞ்சுகள் போன பிறகு ஒவ்வொரு குடத்தையும் தோண்டி, காலி ஓடு எத்தனை, பொரியாதது எத்தனை என்று எண்ணி நோட்டில் எழுதுவார்கள். கடைசிக் கூடும் எண்ணியானதும் கம்புகளைப் பிடுங்கி வலையைச் சுருட்டி எடுத்துப் போவார்கள். ஆனி ஆடியில் போய்ப் பார்த்தால் வேலி எங்கே இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அங்கே பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பார்கள்.